எல்லாக் கோடும் ஏன் வளைகிறது?

(மாணவர்களுக்கான இரண்டு நாள் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

பேசுறதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். இங்கே இரண்டு சார்ட் தாள் இருக்கு. ஒண்ணை இந்தப் பக்க முன்வரிசையில் கொடுக்கிறேன், இன்னொண்ணை அந்தப் பக்கம். நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்பேன். நீங்க கேட்டுக்கிட்டே ஆளுக்கு ஒரு கோடு போட்டுப் பக்கத்துல இருக்கவங்ககிட்ட தள்ளிவிடணும். கோடு நேராவும் இருக்கலாம், வளைஞ்சும் இருக்கலாம். விதி ஒண்ணுதான். ஏற்கெனவே தாளில் இருக்கிற ஏதாவது ஒரு கோட்டின் முனையிலிருந்து உங்க கோடு தொடங்கணும். அந்தப் பக்கம் போகிற தாளில் நடுவில் காசு அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம் போட்டிருக்கேன். அதுக்கு மட்டும் கூடுதலா ஒரு விதி. உங்க கோடு அந்தச் சிவப்பிலிருந்து ஒரு விரற்கடை தள்ளியே இருக்கணும். ஏன்னு கேக்காதீங்க. பேரு கையெழுத்தெல்லாம் வேண்டாம். கடைசி வரிசைக்குப் போனதும் மடிச்சு வச்சிருங்க, நான் கேட்கும்போது கொடுத்தால் போதும்.

(தாள்கள் அனுப்பப்படுகின்றன.)

‘கலையும் விடுதலையும்’ என்று என்னைப் பேசச் சொன்னார்கள். நான் ஓவியன் இல்லை. எனக்கு ஒரு மாட்டை ஒழுங்காக வரையத் தெரியாது. ஆனால் நாலு வருஷம் மற்றவர்களை வரைய வைப்பதுதான் என் சம்பள வேலையாக இருந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தில். பெயர் வேண்டாம். அப்போது ‘பி.ஆர்.ஏ.’ என்று ஒரு முறை ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. பங்கேற்பு ஊரக மதிப்பீடு. இங்கிலாந்தில் ராபர்ட் சேம்பர்ஸ் என்கிற ஆய்வாளர் அதைப் பற்றி நிறைய எழுதினார். இந்தியாவில் 1980களின் கடைசியிலிருந்து பல தொண்டு நிறுவனங்கள் கிராமங்களில் செய்து பார்த்தன. அடிப்படை ரொம்ப எளிமை. கேள்வித்தாளை எடுத்துக்கிட்டுப் போய் ‘வீட்டுல எத்தனை பேர், மாடு எத்தனை’ன்னு கேக்காதே. சனங்களைக் கூட்டி உட்காரவை. குச்சியை அவங்க கையில கொடு. அவங்க ஊரை அவங்களே தரையில வரையட்டும். கோலமாவு, அடுப்புக்கரி, செங்கல்தூள், வேப்பிலை, வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. நீ வாயை மூடிக்கிட்டு ஓரமா இரு.

நல்ல முறைதான். இப்பவும் சொல்றேன், நல்ல முறைதான். அதுக்கு என்ன கதி ஆச்சுன்னு பிறகு வர்றேன்.

விழுப்புரம் தனி மாவட்டமானது 1993இல். அதற்கு அடுத்த வருஷம் அந்தப் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போனோம். முதல் நாள் வரைவதற்கு ஊரார் தேர்ந்தெடுத்த இடம் மாரியம்மன் கோயில் எதிரில் இருந்த திடல். அருமையாக வரைந்தார்கள். ஏரி, மதகு, வாய்க்கால், ஒவ்வொரு தெரு, ஒவ்வொரு கிணறு, எந்தக் கிணற்றில் எத்தனை குதிரைசக்தி மோட்டார் என்பது வரை. சாயங்காலம் பார்த்தால் கிழக்கு ஓரத்தில் வெறும் ஒரு கட்டம். உள்ளே ஒன்றுமே கிடையாது. ‘இது என்னங்க?’ன்னேன். ‘காலனிங்க.’ நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன அங்கே. ஒரு புளியங்கொட்டைகூட வைக்கவில்லை. அவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு மறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கு அதற்கு மேல் தெரியாது. வேலைக்கு ஆள் கூப்பிடப் போனால் தெருமுனையில் நின்று கூப்பிடுவார்கள், உள்ளே போனதில்லை. சேரிக்காரர்கள் ஏன் வரையவில்லை என்று கேட்கிறீர்களா? திடல் கோயில் திடல். அவர்கள் தள்ளி, புங்கமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அறிக்கையில் அன்றைக்கு ‘மக்கள் பங்கேற்பு 73 பேர்’ என்று எழுதினோம். எழுதியது நான்தான்.

மறுநாள் சேரியில் வரைந்தோம். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும்தான். வீடு, மரம், கைப்பம்பு எல்லாம் வைத்து முடித்தபிறகு எனக்கு என்ன தோன்றியதோ, ‘நீங்க தினமும் போற வழியைப் போடுங்க’ன்னேன். ஒரு அம்மா கோலமாவை எடுத்து ரேஷன் கடைக்குப் போகிற வழியைப் போட்டார். அடுத்தவர் பஸ் நிறுத்தத்துக்கு. ஒரு சின்னப் பெண் பள்ளிக்கூடத்துக்கு. ஒருவர் மில்லுக்கு நெல் கொண்டுபோகிற வழி. ஒரு பாட்டி சுடுகாட்டுக்கு. ஆளாளுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். யாரும் யாரையும் பார்த்துப் போடவில்லை.

பத்துப் பன்னிரண்டு கோடு சேர்ந்ததும் தரையில் பிறை மாதிரி ஒன்று தெரிந்தது. எல்லாக் கோடும் சேரியிலிருந்து புறப்பட்டு, ஊருக்கு வெளியே ஏரிக்கரை ஓரமாக வளைந்து, ஊரின் முதுகைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், பள்ளிக்கூடம் எல்லாம் மேற்கே. சேரி கிழக்கே. நடுவில் ஊர். ஊருக்குள்ளே நேராக ஒரு ரோடு போகிறது, முந்தினநாள் திடலில் போட்ட படத்தில் பட்டையாகத் தெரிந்ததே, அதே ரோடு. அதில் ஒரு கோடுகூட இல்லை.

நான் ஒவ்வொருவரிடமும் கேட்டேன், ஏன் இப்படிச் சுத்திப் போறீங்கன்னு. அங்கேதான் தோழர்களே, எனக்கு மண்டையில் அடித்த மாதிரி ஆனது. ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஏரிக்கரையில நிழல் இருக்கு என்றார் ஒருவர். அந்தப் பக்கம் போனா அப்படியே சுள்ளி பொறுக்கிக்கலாம் என்றார் இன்னொருவர். பள்ளிக்கூடத்துப் பெண், ரோட்டுல நாய் இருக்கு என்றது. எங்க மாமியா அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க, பழகிப்போச்சு என்றார் புதிதாகக் கட்டிவந்த பெண். யாரும் பொய் சொல்லவில்லை. நிழல் இருந்தது, சுள்ளி இருந்தது, நாயும் இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு சொந்தக் காரணம். பன்னிரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் ஒன்றே ஒன்று. சுடுகாட்டுக்குக் கோடு போட்ட பாட்டி அந்தப் பிறையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘நாய்க்குப் பயந்தா இத்தன சனம் சுத்துது?’ என்று கேட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

சாயங்காலம் ஆண்கள் வந்து அவர்கள் கோட்டைப் போட்டார்கள். அவர்களுடையது வேறு மாதிரி. அவர்கள் ரோட்டில் போவார்கள், ஆனால் நடுநடுவே ஒரு கரிப்புள்ளி வைத்தார்கள். என்ன இது என்றால், சைக்கிளை விட்டு இறங்குற இடம். இன்னொரு புள்ளி மறுபடி ஏறும் இடம். ஆறேழு பேர் போட்டதில் புள்ளிகளெல்லாம் ஒரே இடத்தில் போய்க் குவிந்தன. கோயிலுக்கு முன்னால் இறங்க வேண்டும், ஊர் முடியும் ஆலமரத்துக்குப் பிறகு ஏறலாம். எந்தப் பலகையும் அங்கே கிடையாது. 

கூட்டாக வரைவது என்று நான் சொல்வது இதைத்தான். சாமியாரும் சினிமா நடிகரும் சேர்ந்து சுவரில் கைரேகை பதித்து ‘ஒற்றுமை’ என்று எழுதுகிறார்களே, அது இல்லை. தனித்தனியாக எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் ஒருவருக்கும் முழுசாகத் தெரியாத ஒன்றைத் தரையில் கொண்டுவந்து போடுவது. 1925இல் பாரிசில் சர்ரியலிஸ்டுகள் ஒரு விளையாட்டு விளையாடினார்கள், இங்கே நவீனக் கவிதை படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு தாளை மடித்து மடித்து ஆளுக்கு ஒரு பகுதி வரைவார்கள். முந்தினவர் வரைந்ததில் ஓரம் மட்டும்தான் தெரியும். ஒருவர் தலை, ஒருவர் உடம்பு, ஒருவர் கால். பிரித்துப் பார்த்தால் யாரும் நினைக்காத ஒரு உருவம் இருக்கும். அவர்களுக்கு அது வேடிக்கை. நம்ம ஊரே அப்படி மடிச்ச தாள்தான். ஒவ்வொரு தெருவுக்கும் தனக்கு மேலே ஒரு ஓரமும் கீழே ஒரு ஓரமும் மட்டும் தெரியும். பிரித்துப் போட விடமாட்டார்கள்.

இதே போல இன்னொரு படம். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம். 1967 சூலையில் அங்கே கறுப்பின மக்களின் பெரிய கலகம் நடந்தது. அதற்கு அடுத்த வருஷங்களில் வில்லியம் பங்கி என்கிற வெள்ளைக்காரப் புவியியலாளரும், க்வெண்டோலின் வாரன் என்கிற, பள்ளிப் படிப்பைத் தாண்டியிருந்த ஒரு கறுப்பினப் பெண்ணும் சேர்ந்து டெட்ராய்ட் புவியியல் பயணக்குழு என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பேரைக் கேட்டால் ஏதோ ஆப்பிரிக்கக் காட்டுக்குள் போகிற மாதிரி இருக்கும். வேண்டுமென்றே வைத்த பேர். அவர்கள் போனது சொந்தத் தெருவுக்குள். அந்தப் பகுதி இளைஞர்களே அளந்தார்கள், எழுதினார்கள், வரைந்தார்கள். அவர்கள் வெளியிட்ட வரைபடங்களில் 1971இல் வந்த ஒன்று மிகவும் புகழ்பெற்றது. கறுப்புக் குழந்தைகள் காரில் அடிபட்ட இடங்களுக்கு ஒவ்வொரு புள்ளி. புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. பணக்கார வெள்ளையர் குடியிருப்பிலிருந்து நகர மையத்துக்கு வேலைக்குப் போய்வரும் சாலைகளின் ஓரமாக அவை வரிசை கட்டி நின்றன. ஒவ்வொரு குழந்தை செத்தபோதும் அது தனி விபத்து. அம்மா கவனிக்கவில்லை, குழந்தை குறுக்கே ஓடியது. நாய் இருந்தது என்பது போல. சேர்த்து வரைந்தபிறகு, காரோட்டியின் அவசரமும் அந்த அவசரத்துக்காகப் போட்ட சாலையும் தெரிந்தன. எங்கே, எப்போது, யார் வண்டியில் என்கிற விவரங்கள் போலீசிடம் இருந்தன. சும்மா கேட்டுக் கிடைக்கவில்லை. அரசியல் செல்வாக்கு உள்ளவர்களைப் பிடித்து, நெருக்குதல் கொடுத்துத்தான் வாங்கினார்கள். எலி கடித்த குழந்தைகளுக்கும் ஒரு படம் போட்டார்கள். நம்ம பக்கத்தில் மலக்குழிச் சாவுகளுக்கு யாராவது இப்படி ஒரு படம் போடணும். இந்த முகாமிலிருந்தே தொடங்கலாம்.

சரி. இப்போது கொஞ்சம் தத்துவம். தூக்கம் வந்தால் கோடு போடுங்கள்.

அறிவியலில் ஒரு கேள்வி உண்டு. யாரும் திட்டம் போடாமல் ஒரு ஒழுங்கு எப்படி உண்டாகிறது? கறையான் புற்றுக்கு மேஸ்திரி கிடையாது. 1959இல் கிராஸே என்கிற பிரெஞ்சு விலங்கியலாளர் சொன்னார், கறையானுக்குக் கறையான் கட்டளை போடுவதில்லை, ஏற்கெனவே வைத்த மண்ணுருண்டைதான் அடுத்த உருண்டையை எங்கே வைப்பது என்று தூண்டுகிறது என்று. இப்போது உங்கள் கையில் இருக்கிற தாளும் அப்படித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, முன்னால் உள்ள கோடு சொல்கிறது. நம்ம வீட்டுப் பெண்கள் போடுகிற புள்ளிக்கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன விதிகளைத் திரும்பத் திரும்பச் செய்தால் பெரிய சிக்கலான வடிவம் வரும் என்பதைக் காட்ட, தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1970களில் கோலத்தைக் கணினி மொழிக்கான இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். முற்றம் கூட்டுகிற பெண்ணிடம் கணிதம் இருக்கிறது என்று ஒரு பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட சில தருணங்களில் அது ஒன்று.

இதையே மனிதர் குடியிருப்புக்குக் கொண்டுபோனவர் தாமஸ் ஷெல்லிங். அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 2005இல் நோபல் வாங்கினார். 1971இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை பெரிய பேர் வாங்கியது. சதுரங்கப் பலகை மாதிரி கட்டங்களில் இரண்டு வகைக் காசுகளைக் கலந்து வைத்தார். விதி: ஒரு காசைச் சுற்றி இருப்பதில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இருந்தால் அது திருப்தியாக இருக்கும், இல்லாவிட்டால் காலிக் கட்டத்துக்கு நகரும். அவ்வளவுதான். எந்தக் காசும் மற்றதை வெறுக்கவில்லை. நகர்த்திக்கொண்டே போனால் கடைசியில் பலகையில் இரண்டு தனித்தனிச் சேரி உண்டாகிவிடும். ஆக, கொஞ்சூண்டு விருப்பம் போதும், பெரும் பிரிவினை வந்துவிடும்.

அழகான கணக்கு. ஆனால் எனக்கு இதில் ஒரு பயம். ஏனென்றால் இதே கணக்கை நான் அந்த விழுப்புரம் பக்கத்து ஊரில் தமிழில் கேட்டிருக்கிறேன். ஊர்ப் பெரியவரிடம் அந்தப் பிறையைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னார்: ‘நாங்க யாரும் தடுக்கலீங்க. அவங்களாவேதான் அப்படிப் போறாங்க. அது ஒரு வழக்கம்.’ வழக்கம்! ஷெல்லிங் நாற்பது பக்கத்தில் சொன்னதை அவர் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். ஷெல்லிங்குக்கு நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், திட்டமிட்ட ஒதுக்கலும் பணபலமும் தனியாக இருக்கின்றன, நான் இந்த ஒரு அம்சத்தை மட்டும்தான் பார்க்கிறேன் என்று அவரே ஒதுக்கிவைத்துத்தான் தொடங்குகிறார். அவரைப் படித்தவர்கள் அதை மறந்துவிட்டார்கள். அதே அமெரிக்காவில் 1930களில் அரசாங்கமே ஏற்படுத்திய வீட்டுக்கடன் அமைப்பு இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டு, கறுப்பர்கள் வாழும் பகுதிகளுக்கு ‘ஆபத்து’ என்று சிவப்பு அடித்துவைத்தது. வரைந்தது காசு இல்லை, அதிகாரி. நம்ம வி.ஏ.ஓ. ஆபீசில் இருக்கிற பழைய பதிவேடுகளைப் பாருங்கள், ஊர் நத்தம் தனி, சேரி நத்தம் தனி. அதற்கும் ஒரு பேனா இருந்தது.

அப்படியென்றால் எல்லாம் மேலிருந்து போட்ட சட்டமா? அதுவும் இல்லை என்று சொன்னவர் நம்ம ஆள். 1916 மே 9ஆம் தேதி, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கோல்டன்வைசர் என்கிற மானுடவியலாளரின் கருத்தரங்கில் அம்பேத்கர் ஒரு கட்டுரை படித்தார். வயது 25. இந்தியாவில் சாதிகள் எப்படி இயங்குகின்றன, எப்படித் தோன்றின, எப்படி வளர்ந்தன என்பது பற்றி. மனு என்று ஒரு ஆள் உட்கார்ந்து சட்டம் எழுதி நாட்டின் தலையில் சாதியைக் கட்டிவிட முடியாது, அவன் ஏற்கெனவே இருந்ததைத் தொகுத்தவன்தான் என்கிறார். அடிப்படையில் ஒரே ஒரு விதி: குழுவுக்குள்ளேயே மணம் முடிப்பது. முதலில் பார்ப்பனர்கள் தங்கள் கதவைச் சாத்தினார்கள். பக்கத்தில் இருந்தவன் பார்த்துச் சாத்தினான், அவனைப் பார்த்து அடுத்தவன். யார் யாரெல்லாம் சாத்தவில்லையோ அவர்கள் வெளியே நின்றுவிட்டார்கள், அதனால் அவர்களும் தனியாகிவிட்டார்கள். ஒற்றைச் சாதி என்று ஒன்று இருக்கவே முடியாது, பலவாக மட்டுமே இருக்க முடியும் என்றும் சொல்கிறார். விதி சின்னது, பரவும் முறை போலச்செய்தல், வந்த வடிவம் இந்த நாடு அளவு. ‘சிக்கல் அமைப்பு’ என்று இன்றைக்குப் பெரிய பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் பேசுவதை நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மகர் இளைஞர் அங்கே படித்துக் காட்டினார். 

ஆனால் அவர் அதோடு விடவில்லை. அந்தச் சின்ன விதி தானாக நிற்காது, அதைக் காப்பாற்றப் பெண்ணை எரிக்க வேண்டியிருக்கிறது, விதவையாகவே பூட்டிவைக்க வேண்டியிருக்கிறது, குழந்தையிலேயே கட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அதே கட்டுரையில் காட்டுகிறார். ஷெல்லிங்கின் பலகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பலகையில் ஒரு காசு இடம் மாறி உட்கார்ந்தால் யாரும் அதை வெட்டிப் போடுவதில்லை.

அந்தப் பிறை கதையை முடிக்கிறேன். படத்தைக் கோலமாவிலிருந்து சார்ட் தாளுக்கு மாற்றினோம். சேரிப் பையன் ஒருவன், பத்தாவது முடித்தவன், வி.ஏ.ஓ.விடம் போய்க் கிராம வரைபடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். அந்த நேர் ரோடு சர்க்கார் புறம்போக்கு, வண்டிப்பாதை. யார் பட்டாவிலும் இல்லை. கலெக்டருக்கு மனு எழுதினார்கள், படத்தோடு. எங்கள் நிறுவனத்தில் என்னைக் கூப்பிட்டு, நம்ம வேலை திட்டமிட உதவுறது, பிரச்சினை பண்றது இல்லை என்று சொன்னார்கள். அடுத்து என்ன கட்டலாம் என்பதற்காகத்தான் வரைபடம், குடிநீர்த் தொட்டியா, சமுதாயக்கூடமா என்று. மூன்று மாதம் கழித்து சுடுகாட்டுக்குக் கோடு போட்ட அந்தப் பாட்டி இறந்துபோனது. பிணத்தை நேர் ரோட்டில் எடுத்துப் போவது என்று சேரியில் முடிவு செய்தார்கள். கோயிலுக்கு முன்னால் கல் விழுந்தது. பாடையைக் கீழே வைத்துவிட்டு ஓடவில்லை, அது மட்டும்தான் எனக்கு இன்றைக்கும் பெருமை. பதினொரு பேருக்கு மண்டை உடைந்தது. இரண்டு தரப்பின் மீதும் வழக்கு. அந்த வருஷம் அறுப்புக்குச் சேரியில் யாருக்கும் வேலை கொடுக்கவில்லை. 

‘தானாக வந்த வழக்கம்’ என்றார் பெரியவர். தானாக வந்த வழக்கத்துக்கு இத்தனை கல் எங்கிருந்து வந்தது?

2012 நவம்பர் 7, தருமபுரி நத்தம் காலனி உங்களுக்குத் தெரியும். ஒரு பையனும் ஒரு பெண்ணும் அந்த ஒற்றை விதியை மீறினார்கள். அம்பேத்கர் 1916இல் சொன்ன அதே விதி. மூன்று சேரிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன. எங்கோ ஒரு புள்ளியில் கோடு தாண்டினால் முழு வடிவமும் எழுந்து நிற்கிறது. வடிவம் எங்கே இருக்கிறது என்று தெரிய அதுதான் வழி என்று ஆகிவிட்டது நம்ம நாட்டில். உத்தப்புரத்தில் கண்ணுக்குத் தெரிகிற சுவரே இருந்தது, 1989இல் கட்டியது. 2008 மே 6ஆம் தேதி அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற சுவருக்கே பத்தொன்பது வருஷம். ஏரிக்கரை ஓரமாக வளைகிற கோலமாவுக் கோட்டை எந்தப் பொக்லைன் வைத்து இடிப்பது?

இதில் நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். மேடைக்குக் கீழே சொல்லலாம் என்று இருந்தேன், ஆனால் மாணவர்கள் இருக்கிறீர்கள். சேரியில் வரைந்த அந்த முதல் நாள் படத்தை நான் பெருமையாக வைத்துக்கொண்டு திரிந்தேன், ‘மக்களே வரைந்த முழுமையான படம்’ என்று. ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, குட்டைக்கு அப்பால் ஒன்பது அருந்ததியர் குடும்பங்கள் இருப்பது. அவர்களுக்கு நம்ம படத்தில் ஒரு புளியங்கொட்டை இல்லை. ஏன் விட்டீங்கன்னு கேட்டால், ‘அது குட்டைக்கு அந்தாண்டை இல்ல?’ என்றார்கள். திடலில் ‘காலனிங்க’ என்று சொன்ன அதே குரல். அவர்கள் தண்ணீர் எடுக்கிற வழியைப் பிறகு கோடாகப் போட்டுப் பார்த்தால் அது நம்ம சேரியைச் சுற்றி வளைந்தது. சின்னப் பிறை. 2009இல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு வந்தபோது நம்ம தோழர்களே சிலர் ‘ஒற்றுமை குலையுது’ன்னு பேசினாங்களே, அப்போ எனக்கு அந்தக் குட்டைதான் ஞாபகம் வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொன்னபோதும் அதே பேச்சு. யார் கையில் குச்சி இருக்கிறதோ அவர் பார்வை முடிகிற இடத்தில் படம் முடிந்துவிடுகிறது. படம் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், எந்தக் குட்டை வரைக்கும் என்று கேளுங்கள்.

அந்த முறைக்கு என்ன கதி ஆச்சுன்னு வர்றேன் என்று சொன்னேன். பெருசாக ஒன்றும் இல்லை. உலக வங்கிக்குப் பிடித்துப்போய்விட்டது. எல்லாத் திட்டத்திலும் ‘பங்கேற்பு வரைபடம் இணைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு பக்கம் சேர்ந்தது. காலையில் பத்து மணிக்கு ஜீப்பில் வந்து, பன்னிரண்டுக்குப் படம் போட்டு, போட்டோ எடுத்து, ஒரு மணிக்குச் சாப்பாடு. 2001இல் பில் குக்கும் உமா கோத்தாரியும் தொகுத்த ஒரு நூல் பங்கேற்பு என்பதே புதிய கொடுங்கோன்மையா என்று தலைப்பிலேயே கேட்டது. நான் அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தேன். ஆனால் குச்சியைக் கீழே போட வேண்டியதில்லை என்றுதான் நினைக்கிறேன். செய்யப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு சொல்லலாம். இடத்தைத் தேர்ந்தெடுக்க ஊராரிடம் விடாதீர்கள். வீடு, கிணறு என்று பொருட்களை வரையச் சொல்வதைவிட நடையை வரையச் சொல்லுங்கள். எங்கே இறங்கினாய், எங்கே குரலைத் தாழ்த்தினாய், எங்கே துண்டை எடுத்தாய். பெண்கள் வரைகிறபோது ஆண்கள் திருத்த வந்தால் அவர்களுக்குத் தனித் தாள் கொடுத்து அனுப்புங்கள். படத்தின் பிரதி வரைந்தவர்களிடமே இருக்க வேண்டும், கோலமாவை மறுநாள் காலையில் கூட்டிவிடுவார்கள். பிறகு முக்கியமாக, படத்தைப் பார்த்தபிறகு சனங்கள் ஏதாவது செய்வார்கள். கல் விழும். அன்றைக்கு நீங்கள் அங்கே இருப்பீர்களா என்று வரையத் தொடங்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள். கல் விழுந்த அன்று நான் இல்லை. சென்னையில் ஒரு கருத்தரங்கில் அந்தப் படத்தைப் பற்றிக் கட்டுரை படித்துக்கொண்டிருந்தேன்.

சரி, தாள்களைக் கொடுங்கள். பிரித்துச் சுவரில் பிடித்துக் காட்டுங்கள் தோழர். இரண்டு பேர் பிடியுங்கள்.

முதல் தாளைப் பாருங்கள். வேர் மாதிரி இருக்கிறது, இல்லையா? இடது பக்கம் ஒரே அடர்த்தி, ஏனென்றால் முதல் ஆள் அங்கே தொடங்கினார், பிறகு வந்தவர்களுக்கு முனைகள் அங்கேதான் அதிகம் இருந்தன. யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை.

இரண்டாவது. நடுவில் பாருங்கள், சிவப்பைச் சுற்றி. நான் ஒரு விரற்கடை என்றுதான் சொன்னேன். நீங்கள் விட்டிருப்பது நாலு விரல். முதல் ஆள் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறார், அடுத்தவர் பத்திரமாக இன்னும் கொஞ்சம். கோடுகள் எல்லாம் அதைச் சுற்றி வளைந்து போகிறது. எனக்கு அந்த ஏரிக்கரை ஞாபகம் வருகிறது.

ஒரு நிமிஷம். இது என்ன? இங்கே ஒரு கோடு நேராகச் சிவப்புக்குள் போயிருக்கிறது. யாரோ மீறியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் அதன்மேல் வேறு மையில் குறுக்கும் நெடுக்குமாகக் கிறுக்கியிருக்கிறதே. அடித்து அழித்திருக்கிறார்கள். இங்கே பாருங்கள், தாளே கிழிகிற அளவுக்கு. அழிக்கச் சொல்லி நான் எந்த விதியும் போடவில்லை.

யாரு தோழர் இது? கோபமில்லை, எழுந்திருக்கக்கூட வேண்டாம், உட்கார்ந்தபடியே சொல்லுங்கள்.

(நடு வரிசையிலிருந்து ஒரு மாணவர்: ‘நான்தான் தோழர். விதியை மீறிட்டாங்களேன்னு… படம் கெட்டுப்போயிரும்னு நெனச்சேன்.’)

சிவப்பு எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

(‘தெரியாது தோழர்.’)

எனக்கும் தெரியாது. சும்மா ஒரு வட்டம் போட்டேன். சரி, கோடு போட்டவர் யார்? அவரும் இங்கேதான் இருப்பார். நீங்க சொல்லுங்க, உங்க கோட்டை அழிச்சது பின்வரிசைக்குத் தாள் போறப்ப உங்களுக்குத் தெரிஞ்சுதா? பக்கத்துல இருந்தவங்க பார்த்தீங்களா? பார்த்தவங்க எத்தனை பேர், கையைத் தூக்குங்க.

(ஏழெட்டுப் பேர் கை உயர்த்துகிறார்கள். இதன்பின் உரை கலந்துரையாடலாக மாறி இரவு உணவு வரை நீண்டது.)